மூன்றாம் நம்பர் கோர்ட் ஓரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, “டென்னிஸில் பைனலைவிடத் தகுதிச் சுற்று பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும்” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். எனவே இந்த இதழ் முழுக்க அதற்கே. கிரிக்கெட் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளவும்.

கே: டி.வி.யில் முதல் சுற்றிலிருந்துதான் காட்டுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு தகுதிச் சுற்று நடக்கிறதா? அதில் யார் ஆடுவார்கள்?
(வாசகி, தஞ்சாவூர்)

ப: நடக்கிறது அம்மா. விம்பிள்டன், பிரெஞ்சு ஓப்பன் மாதிரிப் பெரிய போட்டியில் ஒற்றையர் பிரிவில் 128 பேர் ஆடுகிறார்கள். அதில் 104 பேர் தரவரிசையைக் காட்டி நேராக உள்ளே வந்துவிடுவார்கள். 8 பேருக்குப் போட்டி நடத்துகிறவர்கள் பார்த்து வைல்டு கார்டு என்ற சிறப்பு அனுமதி கொடுப்பார்கள். மிச்சம் 16 இடம். அந்தப் பதினாறுக்காக இன்னொரு 128 பேர் முந்தின வாரமே வந்து அடித்துக்கொள்வார்கள். மூன்று ஆட்டம் வரிசையாக ஜெயித்தால் உள்ளே. ஒன்றில் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆடுகிறவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. உலகத் தரவரிசையில் நூற்றுச் சொச்சத்திலிருந்து இருநூறு, இருநூற்றைம்பது வரை இருப்பவர்கள். நம் ஜில்லாவில் ஒருவர் எந்தத் தொழிலிலாவது உலகத்தில் இருநூறாவது ஆள் என்றால் ஊரே திரண்டு மாலை போடும். டென்னிஸில் அவரை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பார்த்தால்கூட யாருக்கும் அடையாளம் தெரியாது.

தஞ்சாவூர்க்காரருக்கு வேறு மாதிரிச் சொன்னால் சட்டென்று புரியும். மார்கழியில் சபாவில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு டிக்கெட் இல்லாமல் ஒரு கச்சேரி நடக்குமே, அதுதான் இது. மேடையில் பாடுகிற பெண், என்றைக்காவது சாயங்காலக் கச்சேரிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று உயிரைக் கொடுத்துப் பாடும். முன் வரிசையில் அந்தப் பெண்ணின் பெரியம்மா. பின் வரிசையில் கேண்டீன் திறக்கக் காத்திருப்பவர்.

கே: பேர் தெரியாத ஆட்டக்காரர்கள், ஆளில்லாத கேலரி. அதில் அப்படி என்ன சார் இருக்கிறது? நீங்கள் போன ஒரு நாளை விவரமாக எழுதுங்களேன்.
(வாசகர், விழுப்புரம்)

ப: 2015 ஜனவரி 3, சனிக்கிழமை. அப்போதெல்லாம் ஆண்களுக்கான சென்னை ஓப்பன் புது வருஷத்தின் முதல் வாரம் நுங்கம்பாக்கத்தில் நடக்கும். அந்த வருஷம் 5-ஆம் தேதி திங்கட்கிழமை பிரதானப் போட்டி ஆரம்பம். அதற்கு முந்தின சனிக்கிழமை நான் கிளம்பியது தகுதிச் சுற்றுக்கு.

“பேர்கூடத் தெரியாதவங்க ஆடுறதைப் பார்க்க வெயில்ல போய் உட்காரணுமா?” என்றாள் மனைவி.

“நீ பன்னிரண்டு மணிக் கச்சேரிக்குப் போறதில்லையா?”

“அங்க ஃபேன் இருக்கு.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. தயிர் சாதம், மாவடு கட்டிக்கொண்டு தாம்பரத்தில் எலக்ட்ரிக் ட்ரெய்ன் ஏறி, நுங்கம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தேன். வாசலில் யாரும் டிக்கெட் கேட்கவில்லை. காவலாளி டப்பாவைத் திறக்கச் சொன்னார். மாவடுவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “வீட்ல போட்டதா சார்?” என்று கேட்டுவிட்டு உள்ளே விட்டார்.

ஸ்டேடியம் இருக்கும் பகுதிக்கு லேக் ஏரியா என்று பேர். ஒரு காலத்தில் ஏரி இருந்த இடம். ஏரி போய்விட்டது, காற்றில் அந்த ஈரம் மட்டும் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஜனவரிதான், நமக்கு அது குளிர்காலம். ஐரோப்பாவில் பனிக்கு நடுவிலிருந்து கிளம்பி வந்தவனுக்கு அது வேக வைக்கிற இட்லிக் கொப்பரை.

கிட்டத்தட்ட ஆறாயிரம் பேர் உட்காரக்கூடிய சென்டர் கோர்ட்டில் அன்றைக்கு ஏணி போட்டு விளம்பரத் தட்டிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் நடந்ததோ பக்கத்துச் சின்னக் கோர்ட்டுகளில். நான் மூன்றாம் நம்பர் கோர்ட்டில் பேஸ்லைனுக்குப் பின்னால், ஓரமாக உட்கார்ந்தேன். ஆட்டக்காரர் துண்டை எடுக்க வந்தால் அவர் மூச்சு வாங்குவது கேட்கும். கேலரியில் எத்தனை பேர் என்று எண்ணினேன். என்னையும் சேர்த்துப் பதினாலு.

டி.வி. கேமரா உயரத்திலிருந்து கீழே பார்க்கிறது. அதில் பந்து வலைக்கு மேலே தட்டையாக, சோம்பலாகப் போகிற மாதிரி இருக்கும். கோர்ட் ஓரம் உட்கார்ந்தால்தான் தெரியும். டாப் ஸ்பின் கொடுத்த, அதாவது முன்பக்கமாகச் சுழலவிட்ட பந்து வலைக்கு மேலே ஆள் உயரம் எழும்பி, அவுட்டுதான் என்று நாம் முடிவு கட்டிய பிறகு, யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி கோட்டுக்குள் விழுகிறது. விழுந்த வேகத்தில் எதிராளியின் தோளுக்கு எகிறுகிறது. சத்தமும் வேறு. மட்டையின் நடு நரம்பில் பட்டால் ‘டொப்’ என்று சுருக்கமாக ஒரு சத்தம். கொஞ்சம் தள்ளிப் பட்டால் ஓட்டைப் பானையைத் தட்டின மாதிரி. அரை மணி நேரத்தில், கண்ணை மூடிக்கொண்டே யார் நன்றாக ஆடுகிறார் என்று சொல்லிவிடலாம்.

ஒரு பக்கம் நெட்டையான ஐரோப்பியர், இடது கைக்காரர். இன்னொரு பக்கம் நம் ஊர்ப் பையன், இருபது வயசு இருக்கும். பையனின் அப்பா எனக்கு இரண்டு வரிசை முன்னால். வெள்ளைச் சட்டை, மடியில் தொப்பி. முதல் செர்வ் தவறி, அதுவும் தவறினால் பாயின்ட் போய்விடும் என்ற நிலையில் பையன் இரண்டாவது செர்வ் போடும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவருக்கு வெளியே இருந்த வேப்பமரத்தைப் பார்ப்பார். பந்து அந்தப் பக்கம் திரும்ப அடிபட்ட சத்தம் கேட்ட பிறகுதான் முகம் கோர்ட்டுக்கு வரும். மூன்று செட்டும் இப்படியே. அவர் அன்றைக்குப் பார்த்ததில் பாதி வேப்பமரம்தான்.

இரண்டாவது செட் நடுவில், பக்கம் மாறும் இடைவேளை. நெட்டையர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தார். தண்ணீர் கொட்டியது. மிகைப்படுத்தவில்லை, சின்னக் குவளையிலிருந்து ஊற்றின மாதிரி வியர்வை கொட்டியது. பந்து பொறுக்கும் பையன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். நெட்டையர் காலுறையைப் பிழிந்து பெஞ்சின் முதுகில் காயப்போட்டார். அங்கே ஏற்கெனவே ஒரு ஜோடி காய்ந்துகொண்டிருந்தது. பையில் துழாவி இன்னொரு ஜோடி எடுத்தார். துழாவிய விதத்திலேயே தெரிந்தது, அதுதான் கடைசி. மறுபடி ஆட வந்தபோது, நாலு கேமுக்குள் ஷூ ‘சளக் சளக்’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது.

மூன்றாவது செட்டில் ஒரு தகராறு. பையன் அடித்த பந்து பக்கக் கோட்டில் பட்டதா, படவில்லையா? பெரிய கோர்ட் என்றால் கம்ப்யூட்டர் படம் போட்டுக் காட்டும். இந்தக் கோர்ட்டில் அம்பயரின் கண்ணும் லைன் ஜட்ஜின் கண்ணும்தான். உள்ளே என்றார்கள். நெட்டையர் கோட்டருகே குனிந்து தேடினார். ஹார்ட் கோர்ட்டில் தடம் எங்கே தெரியப்போகிறது? எனக்குப் பின்னால் இருந்தவர் தன்னை மறந்து, “அவுட்டுதான் சார்” என்று தமிழில் சொல்லிவிட்டார். நெட்டையர் சட்டென்று திரும்பி, விரலை மேலே நீட்டி “அவுட்?” என்று அவரையே கேட்டார். நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து தலையாட்டினோம். பையனின் அப்பா மட்டும் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்பயர் எங்களை அமைதி காக்கச் சொன்னார். பாயின்ட் பையனுக்கே போனது. கடைசியில் செட்டும் 7-5 என்று பையனுக்கே போனது.

அப்பா கைதட்டவில்லை. எழுந்து போய் பையனின் தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி நிரப்பிக்கொண்டு வந்தார்.

அப்புறம் நான் நிழல் தேடிப் படிக்கட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த நெட்டையர் வந்து இரண்டு படி தள்ளி உட்கார்ந்தார். கூட யாரும் இல்லை, கோச் இல்லை, ஃபிசியோ இல்லை. விரல்களில் சுற்றியிருந்த டேப்பை ஒவ்வொன்றாக உரித்தார். கீழே போடவில்லை. உரித்த துண்டுகளைத் தன் முழங்காலில் வரிசையாக ஒட்டிக்கொண்டே வந்தார். ஆறு துண்டு. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து உருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், “நல்ல ஆட்டம். அந்தப் பந்து அவுட்தான்” என்றேன். சிரித்தார். பிறகு, இங்கே துணி துவைக்கக் காசு போட்டால் ஓடும் மெஷின் கடை பக்கத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டார். ஹோட்டலில் ஒரு சட்டைக்குக் கேட்கிற பணத்துக்குப் புதுச் சட்டையே வாங்கிவிடலாமாம். அப்படிக் கடை நம் ஊரில் கிடையாது, இஸ்திரி வண்டிதான் உண்டு, அவர்கள் தேய்த்து மட்டும்தான் தருவார்கள் என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்தார். “பரவாயில்லை, ரூமில் பாத் டப் இருக்கிறது” என்றார்.

அடுத்து எங்கே என்று கேட்டேன். மெல்போர்ன், அங்கேயும் தகுதிச் சுற்று என்றார். சென்னையில் முதல் ஆட்டத்திலேயே தோற்றதால் தரவரிசைப் புள்ளி பூஜ்யம். தகுதி பெற்றிருந்தால் 12 கிடைத்திருக்கும். அத்தனை காலுறையும் அந்தப் பன்னிரண்டுக்குத்தான்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த வருஷம் தகுதிச் சுற்றிலிருந்து மேலே வந்தவர்களில் ஒருவர் ஸ்லோவேனியாவின் அல்யாஸ் பெடேனே. பிரதானப் போட்டியில் ஃபெலிசியானோ லோபஸை அடித்தார், பவுதிஸ்டா அகுட்டை அடித்தார், பைனலில் வாவ்ரிங்காவோடு ஆடினார். அவர் தகுதிச் சுற்றில் ஆடிய ஒரு பந்தைக்கூட நான் பார்க்கவில்லை. பேப்பரில் படத்தைப் பார்த்துவிட்டு மனைவி, “இவரையா போய்ப் பார்த்துட்டு வந்தீங்க?” என்றாள். இல்லை, துணி துவைக்கிறவரைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றேன்.

கே: எதிராளி டபுள் ஃபால்ட் போட்டால், அதாவது இரண்டு செர்வும் தவறினால், கைதட்டலாமா?
(வாசகர், மதுரை)

ப: கூடாது. ஐயாயிரம் பேர் இருந்தால் யார் தட்டினார்கள் என்று தெரியாது. பதினாலு பேரில் தெரிந்துவிடும்.

கே: ‘லக்கி லூசர்’ என்கிறார்களே, தோற்றவனுக்கு என்ன அதிர்ஷ்டம்?
(வாசகர், ஈரோடு)

ப: பிரதானப் போட்டியில் ஆட வேண்டியவர் கடைசி நேரத்தில் காயம் என்று விலகினால், தகுதிச் சுற்றில் தோற்றவர்களில் ஒருவருக்கு அந்த இடம் போகும். கடைசிச் சுற்று வரை வந்து தோற்றவர்களுக்கு முதல் உரிமை. அவர்கள் தீர்ந்துபோனால் அதற்கு முந்தின சுற்றில் தோற்றவர்கள். ஒரே நிபந்தனை: காலையில் நேரில் வந்து கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். தோற்ற ஊரிலேயே, அழைப்பு வருமா வராதா என்று தெரியாமல், ஹோட்டல் வாடகை கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.

2018 பிரெஞ்சு ஓப்பனில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். அந்த வருஷம் புது விதி ஒன்று வந்தது. காயத்தோடு வந்தவர் பாரிஸ் வந்து விலகினாலும் முதல் சுற்றுப் பணத்தில் பாதியை வாங்கிக்கொள்ளலாம். முன்பெல்லாம் நொண்டிக்கொண்டாவது கோர்ட்டுக்கு வந்து பணத்தை வாங்குவார்கள். இப்போது அதற்கு அவசியமில்லை. ஆண்கள் பிரிவில் மட்டும் எட்டு லக்கி லூசர் தேவைப்பட்டார்கள். யாருமே எதிர்பார்க்காத கணக்கு.

வரிசையில் நம் சென்னைப் பையன் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் இருந்தார். தகுதிச் சுற்றின் இரண்டாம் ஆட்டத்தில் தோற்றவர். தனக்கு எங்கே வரப்போகிறது என்று நினைத்து இத்தாலியில் விச்சென்சா என்ற ஊரில் நடந்த சின்னப் போட்டிக்குப் போய்விட்டார். இடம் அவருக்கு அடுத்தவரைத் தேடிப் போனது. அவர் அர்ஜென்டினாவின் மார்கோ டிருங்கெலிட்டி. அவரும் தோற்று பார்சிலோனாவில் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நிக் கிர்கியோஸ் விலகியதாகச் செய்தி வந்தது. டிருங்கெலிட்டி ஒரு காரை வாடகைக்கு எடுத்தார். அம்மா, தம்பி, எண்பது வயதைத் தாண்டிய பாட்டி. பாட்டி அப்போது குளித்துக்கொண்டிருந்தாராம். தலை துவட்டிக் காரில் ஏற்றிக்கொண்டு சுமார் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி, நடுராத்திரி சமயத்தில் பாரிஸ் சேர்ந்தார்கள். திங்கட்கிழமை காலை 11 மணிக்கு ஆட்டம். எதிரில் பெர்னார்ட் டாமிக். நாலு செட்டில் டிருங்கெலிட்டி ஜெயித்தார். இரண்டாம் சுற்றுக்கு வந்ததற்கு 79,000 யூரோ.

எனக்கு அந்தப் பாட்டியையும் பிடிக்கும். ஆனால் அந்த வாரம் முழுக்க நான் நினைத்துக்கொண்டது விச்சென்சாவிலிருந்த நம் பையனைத்தான். நல்லவேளை, அடுத்த ஆண்டே பிரஜ்னேஷ் தகுதிச் சுற்றில் ஜெயித்து ஆஸ்திரேலியன் ஓப்பனுக்குள் போனார். 2019-இல் கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நாலு பெரிய போட்டிகளிலும் பிரதானப் போட்டி ஆடினார்.

கே: தகுதிச் சுற்றிலிருந்து வந்து கோப்பையை ஜெயித்தவர்கள் உண்டா?
(வாசகி, பாளையங்கோட்டை)

ப: கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் ஒரே ஒருவர். 2021 யு.எஸ். ஓப்பனில் எம்மா ரடுகானு. வயது 18, தரவரிசை 150. தகுதிச் சுற்றில் மூன்று, பிரதானப் போட்டியில் ஏழு, ஆகப் பத்து ஆட்டம், ஒரு செட்கூட விடவில்லை. கொரோனா காரணமாக அந்த வருஷம் தகுதிச் சுற்றுக்கு ரசிகர்களை உள்ளே விடவில்லை. நியாயமாக என்னைப் போன்ற ஆட்கள் ஒரு பதினாலு பேராவது அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். அத்தனை வருஷம் வெயிலில் உட்கார்ந்ததற்குப் பலன் கிடைக்க வேண்டிய சமயத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அரையிறுதி வரை வந்தவர்கள் என்றால் சிலர் உண்டு. 1977-இல் பதினெட்டு வயசு ஜான் மெக்கன்ரோ விம்பிள்டன் தகுதிச் சுற்றிலிருந்து வந்து அரையிறுதியில் கானர்ஸிடம் தோற்றார். விம்பிள்டன் தகுதிச் சுற்று விம்பிள்டன் மைதானத்தில் நடப்பதில்லை. சில மைல் தள்ளி ரோஹாம்ப்டனில் நடக்கிறது. ஜெயித்தால்தான் அந்தப் பெரிய வாசலையே பார்க்கலாம். 2021 ஆஸ்திரேலியன் ஓப்பனில் ரஷ்யாவின் கரட்சேவும் தகுதிச் சுற்றுக்காரர்தான், அரையிறுதியில் ஜோகோவிச்சிடம் தோற்றார்.

கே: இந்த ஆட்டக்காரர்களுக்கு வருமானம் எப்படி? நம் ராம்குமார் ராமநாதன் ஏன் மேலே வரவில்லை?
(வாசகர், சேலம்)

ப: இரண்டாவது கேள்விக்கு முதலில். ராம்குமார் கிராண்ட் ஸ்லாம் தகுதிச் சுற்றில் இருபது தடவைக்கு மேல் ஆடிப் பார்த்தும் ஒற்றையர் பிரதானப் போட்டிக்குள் போக முடியவில்லை. ‘மேலே வரவில்லை’ என்று நாம் சாய்வு நாற்காலியில் இருந்து சொல்லிவிடலாம். 2017-இல் துருக்கியில் புல் தரையில், அப்போது உலகின் முதல் பத்துக்குள் இருந்த டொமினிக் தீமை அடித்த அதே ஆள்தான் அவர். ஒரு நாள் ஒரு பெரிய ஆளை அடிப்பது வேறு, ஒரே வாரத்தில் மூன்று பசித்த ஆட்களை வரிசையாக அடிப்பது வேறு. திரும்பத் திரும்பப் போய் நிற்கிறாரே, அந்த நெஞ்சுரம் எனக்கு வராது.

வருமானம்: 2025 விம்பிள்டனில் பிரதானப் போட்டியின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கு 66,000 பவுண்ட். தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கு 15,500. அதுவே பெரிய பணம்தானே என்று தோன்றும். வருஷத்தில் அப்படி நாலு வாரம்தான். மிச்ச வாரமெல்லாம் சின்ன ஊர், சின்னப் பரிசு. டிக்கெட், ஹோட்டல், கோச் சம்பளம், மட்டைக்கு நரம்பு கட்டும் கூலி எல்லாம் கைக்காசு. சுமித் நாகல் இந்தியாவின் முதல் நிலை ஆட்டக்காரராக இருந்தபோதே, தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று 2023-இல் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஜனவரியில் மெல்போர்னில் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்து, பிரதானப் போட்டியில் அந்தப் போட்டித் தரநிலையில் 31-ஆம் இடம் பெற்றிருந்த கஜகஸ்தானின் அலெக்சாண்டர் பப்ளிக்கையும் அடித்தார். இரண்டாம் சுற்றுக்கு வந்ததற்கு 1,80,000 ஆஸ்திரேலிய டாலர். அதற்கு அடுத்த மாதம் நம் நுங்கம்பாக்கத்தில் சேலஞ்சர் என்ற அடுத்த நிலைப் போட்டியின் கோப்பையை ஜெயித்து முதல் நூறுக்குள் வந்தார். பணம் கையில் இருந்தால் பேக்ஹேண்டும் நிதானமாக வரும் போலிருக்கிறது.

கே: பன்னிரண்டு வயதுப் பையன் அகாடமியில் பயிற்சி எடுக்கிறான். தகுதிச் சுற்று பார்க்கக் கூட்டிப்போனால் பிரயோஜனம் உண்டா?
(வாசகி, கோயம்புத்தூர்)

ப: உண்டு, ஆனால் பந்தைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிக் கூட்டிப்போங்கள். ஆட்டக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, நாலு கேம் அவர் காலை மட்டும் பார்க்கட்டும். எதிராளி பந்தை அடிக்கும் அந்தக் கணத்தில் இவர் சின்னதாக ஒரு குதி குதித்து இறங்குவார். ஒவ்வொரு பந்துக்கும். களைத்துப் போனால் முதலில் நிற்பது அந்தக் குதிதான். ஸ்கோர் பலகையைப் பார்க்காமலே, யார் தோற்கப்போகிறார் என்று காலைப் பார்த்துச் சொல்லலாம். என் தங்கையின் பேரனை இப்படிக் கூட்டிப்போனேன். அரை மணி கழித்து, “தாத்தா, அவரு குதிக்கிறதை நிறுத்திட்டாரு” என்றான். அடுத்த இரண்டு கேமும் அந்த ஆள் கைவிட்டுப் போனது.

இன்னொன்று: பாயின்ட்டுக்கும் பாயின்ட்டுக்கும் நடுவே என்ன செய்கிறார் என்று கவனிக்கச் சொல்லுங்கள். நரம்பை நேராக்குவது, துண்டுக்குப் போவது, சுவரைப் பார்த்துத் தனக்குள் பேசிக்கொள்வது. டி.வி.யில் அந்த நேரத்துக்கு ரீப்ளே போட்டுவிடுவார்கள். ஆட்டோகிராஃப் வாங்கட்டும், செல்ஃபி வேண்டாம் என்பது என் கட்சி. கையெழுத்துப் போடும் கையில் காய்ப்பு எங்கே இருக்கிறது என்று பையன் கிட்டத்தில் பார்க்கலாம்.

கே: ஆகஸ்டில் நியூ ஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போகிறோம். யு.எஸ். ஓப்பன் டிக்கெட் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வழி உண்டா?
(வாசகர், திருச்சி)

ப: பிரதானப் போட்டிக்கு முந்தின வாரம் போங்கள். யு.எஸ். ஓப்பனில் தகுதிச் சுற்றுக்கு ரசிகர்களுக்கு அனுமதி இலவசம். மன்ஹாட்டனிலிருந்து 7-ஆம் நம்பர் சப்வேயில் ஏறினால் மெட்ஸ்–வில்லெட்ஸ் பாயின்ட் ஸ்டேஷன், இறங்கினால் மைதானம். முதுகுப்பை கொண்டுபோகாதீர்கள், உள்ளே விடமாட்டார்கள். தொப்பி கட்டாயம், மதிய வெயில் அங்கேயும் வெயில்தான். பெரிய ஆட்டக்காரர்களும் அந்த வாரமே வந்து பயிற்சி எடுப்பார்கள். மாப்பிள்ளை பயிற்சிக் கோர்ட்டைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் நிற்கட்டும். நீங்கள் ஒதுக்குப்புறமான கோர்ட்டாகப் பார்த்து உட்காருங்கள். எந்தக் கோர்ட்டில் யார் என்று அன்றன்றைக்கு அட்டவணை போடுவார்கள். முதல் ஆட்டத்துக்குத்தான் நேரம் உண்டு, அடுத்தது முந்தினது முடிந்த பிறகு. எனவே மூன்றாவது செட் நடக்கிற கோர்ட்டை விட்டு எழுந்து போகாதீர்கள். நான் இரண்டு தடவை அப்படி எழுந்து போய் ஏமாந்திருக்கிறேன், இரண்டு தடவையும் டீக்காக.

கே: நுங்கம்பாக்கத்தில் இப்போது எதுவும் நடப்பதில்லையா?
(வாசகி, செங்கல்பட்டு)

ப: ஆண்களின் ஏ.டி.பி. போட்டி 2017 ஜனவரியோடு போய்விட்டது. புனேக்கு மாறி, அங்கேயும் 2023-க்குப் பிறகு இல்லை. பெண்களுக்கான டபிள்யூ.டி.ஏ. சென்னை ஓப்பன் 2022 செப்டம்பரில் நடந்தது. அதில் ஜெயித்த லிண்டா ஃப்ருவிர்தோவாவுக்கு அப்போது 17 வயது. 2025-இல் மறுபடி நடந்தது. நடுவில் ஆண்கள் சேலஞ்சரும் நடந்தது. செங்கல்பட்டிலிருந்து உங்களுக்கு ஒரே ட்ரெய்ன், நுங்கம்பாக்கம் வரை மாற வேண்டியதில்லை. அடுத்த தடவை அறிவிப்பு வரும்போது பைனல் தேதியைப் பார்க்காதீர்கள். அதற்கு எட்டு நாள் முந்தின சனிக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். தயிர் சாதத்துக்கு வாசலில் ஆட்சேபம் சொன்னால் மாவடுவைக் காட்டிப் பாருங்கள். டப்பா மூடியை மட்டும் இறுக்கிக்கொள்ளவும். என் பையில் இன்னும் அந்த வாசனை போகவில்லை.